குழாய் ஸ்பீக்கர் காலம்: பாட்டும் படமும் நம்மூர் அரசியலும்



கடந்த தேர்தல் நேரம் பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வெளியே வீதியால் ஒரு பிரசார வாகனம் போனது. பழைய சினிமாப் பாட்டொன்றின் மெட்டு, வேட்பாளரின் பெயர், விருப்பு வாக்கு இலக்கம், மறுபடியும் பெயர். பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டார்கள். வாகனம் சந்தியைத் தாண்டியதும் பின்வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான்: "சேர், இவரு வந்தா என்ன செய்வாரு எண்டு பாட்டுல ஒண்டும் சொல்லல்லியே?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீடு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. பாட்டும் படமும் அரசியலும் நம்மூர்களில் எப்போது ஒன்றாகக் கலந்தன? கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இந்த மூன்றுக்கும் ரசிகர்களாக வளர்ந்தவர்கள்தான். ஆகவே இதை ஒரு ரசிகர் கூட்டத்தின் வரலாறாகவே எழுதிப் பார்க்கிறோம். இசை கூடுமா கூடாதா என்ற விடயத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறோம். இங்கே எழுதுவது நடந்த கதை.

குழாய் வருமுன்

ஒலிபெருக்கி வருவதற்கு முன்னும் நம்மூர்கள் ஊமையாக இருக்கவில்லை. வட்டையில் சூடடிக்கும் இரவுகளில் முல்லைக்காரன்மார் கவி பாடினார்கள். கலியாண வீட்டில் பொல்லடி அடித்தார்கள். பெண்கள் குரவை போட்டார்கள். நோன்பு காலத்தில் பக்கீர்மார் றபான் தட்டி பைத் பாடி ஸஹருக்கு எழுப்பினார்கள். வீடுகளில் மௌலூது ஓதப்பட்டது. படித்த பெரியவர்கள் சீறாப்புராணத்தை இராகத்தோடு வாசித்துப் பொருள் சொன்னார்கள்.

இவற்றில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பாடுகிறவரும் கேட்கிறவரும் ஒரே ஊரார். பாடியவர் பிழைவிட்டால் அந்த இடத்திலேயே யாராவது திருத்துவார். நமது நாட்டார் கவியில் ஆண் ஒரு கவி சொன்னால் பெண் எதிர்க்கவி சொல்வாள். மச்சான் பெருமையடித்தால் மச்சி அதே சந்தத்தில் அவனை இறக்கிவைப்பாள். கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் உரிமை இருந்தது. தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கே இரண்டு பொருள்: காதால் கேள், வாயால் கேள். அந்தக் காலத்துச் சபைகளில் இரண்டும் சேர்ந்தே நடந்தன.

வானொலியும் தபாலட்டையும்

இலங்கையில் வானொலி 1925இல் கொழும்பில் தொடங்கியது. யுத்தகாலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக இயங்கிய நிலையம் கைக்கு வந்ததும் 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பம். 1952இல் இந்திய அரசின் வானொலி சினிமாப் பாட்டுகளைக் கட்டுப்படுத்தியபோது இந்தியாவே கொழும்பை நோக்கிக் காதைத் திருப்பியது. அதே ஆண்டு அமீன் சயானி என்ற இளைஞரின் குரலில் பினாக்கா கீத்மாலா தொடங்கி, இந்திப் பாட்டுகளின் வாராந்த வரிசை கொழும்பிலிருந்து உபகண்டம் முழுவதும் போனது. தமிழ்நாட்டு மக்கள் தங்கள் படப் பாட்டுகளைத் தங்கள் நாட்டு நிலையத்தைவிட இலங்கை வானொலியில் அதிகம் கேட்ட காலம் அது. வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் பெயரை நம் வாப்பாமார் ஒரு நடிகரின் பெயரைப் போலவே சொல்வார்கள்.

நாங்கள் விவரம் தெரிந்து கேட்கத் தொடங்கியபோது அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். கே. எஸ். ராஜாவின் வேகம், இராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு, பி. எச். அப்துல் ஹமீதின் சுத்தமான உச்சரிப்பு. பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம். முஸ்லிம் சேவையில் நோன்பு திறக்கும் நேரத்து பாங்கைக் கேட்டுத்தான் பல வீடுகளில் பேரீச்சம்பழம் வாய்க்குப் போனது.

அந்த வானொலியிலும் பதில் சொல்ல ஒரு வழி இருந்தது. தபாலட்டை. விருப்பமான பாட்டை எழுதிப் போட்டால் நம் பெயரும் ஊர்ப் பெயரும் வாசிக்கப்படும். கொழும்பில் யாரோ நம்மூர்ப் பெயரைச் சரியாக உச்சரித்த நாளில் சந்தியே பெருமைப்பட்டது. அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பின்னர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் போனது. ஒருவர் பாட, அதைப் பிடித்து மற்றவர் பாட வேண்டும். யோசித்துப் பார்த்தால் அது நம் எதிர்க்கவியின் பேரப்பிள்ளை.

'கோமாளிகளின் கும்மாளம்' வானொலி நாடகத்தை மறக்க முடியுமா? 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. அதில் மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் அப்துல் ஹமீத். உபாலியாக செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால். ஒரு தமிழர் முஸ்லிம் பேச்சைப் பேச, ஒரு முஸ்லிம் ஐயர் பேச்சைப் பேச, நாடே சிரித்தது. யாரும் மனம் நோகவில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், இந்த நாட்டின் சகவாழ்வைப் பற்றி அடித்த சுவரொட்டிகள் எல்லாவற்றையும் விட அந்த நாடகம் அதிகம் செய்தது.

பேக் மாஸ்டரும் ஹனிபாவும்

நம் ரசனையின் எல்லை எவ்வளவு அகலமாக இருந்தது என்பதற்கு இரண்டு குரல்கள் போதும்.

ஒன்று மொஹிதீன் பேக். சேலத்தில் பிறந்து சின்ன வயதிலேயே இலங்கைக்கு வந்தவர். சிங்கள சினிமா பிறந்த 1947ஆம் ஆண்டே வெளிவந்த 'அசோகமாலா'வில் பாடினார். அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் முஹம்மத் கௌஸ் மாஸ்டர். பின்னாளில் அமரதேவ என்று உலகமறிந்த கலைஞர், அல்பர்ட் பெரேரா என்ற பெயரில் இருந்தபோது அவருக்கு முதற்பாதை போட்டுக் கொடுத்ததும் அதே படம். கொழும்புச் செட்டி சமூகத்தில் பிறந்த ருக்மணி தேவியும் மொஹிதீன் பேக்கும் சேர்ந்து பாடிய பாட்டுகளைச் சிங்கள மக்கள் தங்கள் சொத்தாகவே வைத்திருக்கிறார்கள். வெசாக் நாளில் பந்தல்களில் ஒலிக்கும் பௌத்த பக்திப் பாட்டுகளில் மிகப் பிரபலமானவை ஒரு ஹாஜியாரின் குரலில் இருக்கின்றன. 1991இல் மௌத்தாகும்வரை அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார். பாட்டினால் அவர் மதம் மாறவில்லை. கேட்டதனால் சிங்கள மக்களும் மாறவில்லை.

மற்றது நாகூர் ஹனிபா. 1925இல் பிறந்து 2015இல் மறைந்தார். பெருநாள் காலையில் தக்பீர் முடிந்தால் அடுத்து அவர் குரல்தான். கலியாண வீட்டில், கந்தூரியில், பஸ்ஸில், தேநீர்க் கடையில் அவர்தான். அவருடைய மிகப் புகழ்பெற்ற பிரார்த்தனைப் பாட்டு கோயில் வீதிகளிலும் ஒலித்ததை நாங்கள் கேட்டிருக்கிறோம். ஆனால் அவரே தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைப் பாடகர். அண்ணாவைப் பற்றியும் உதயசூரியனைப் பற்றியும் அவர் பாடிய பாட்டுகள் அந்தக் கட்சியின் ஊர்வலங்களை நடத்தின. அல்லாஹ்விடம் கையேந்தச் சொன்ன அதே கணீர்க் குரல்தான் வாக்குப் போடவும் சொன்னது.

அவருடைய கட்சிக்கு வாக்குப் போட எங்களுக்கு வழியில்லை. ஆனாலும் ஒரு பழக்கம் காதில் ஏறிவிட்டது. பக்தியும் கட்சியும் ஒரே குரலில், ஒரே மெட்டில் வரலாம் என்ற பழக்கம். நமக்கென்று ஒரு கட்சி வந்தபோது அதற்குப் பாட்டுக் கட்ட யாரும் பாடம் படிக்க வேண்டியிருக்கவில்லை.

படம்

எம்.ஜி.ஆர். கண்டிப் பக்கம் நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தவர் என்பதை நம் பெரியவர்கள் சொந்தக்காரரைப் போலச் சொல்வார்கள். 1965இல் அவரும் சரோஜாதேவியும் இலங்கைக்கு வந்த கதை எங்கள் பிள்ளைப் பருவம் முழுவதும் நீடித்தது. 1956இல் முழுநீள வண்ணப் படமாக வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' பார்த்தவர்கள், எம்.ஜி.ஆர். தொப்பி வைத்தால் எப்படி இருப்பார் என்று காட்டுவதற்காகவே தலையில் சால்வையைச் சுற்றுவார்கள். சிவாஜி கட்சிக்காரர்கள் நடிப்பைச் சொல்வார்கள். சண்டை இஷாவுக்குப் பிறகும் தொடரும். எங்கள் சொந்தக் கருத்து: நடிப்புக்கு சிவாஜி, படம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சு நிமிர்வதற்கு எம்.ஜி.ஆர்.

1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இந்தியப் பட இறக்குமதியைக் கையில் எடுத்தது. படங்கள் குறைந்தன, பழைய படங்கள் மறுபடி மறுபடி ஓடின. 1977க்குப் பிறகு மத்திய கிழக்குக்குப் போன நம் காக்காமார் முதலில் கெசட் ரெக்கோடர் கொண்டு வந்தார்கள், பிறகு டெக். 1982இல் ரூபவாஹினி தொடங்கியது. மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேட்டர் போட்டு, வளவுக்குள் பாய் விரித்து, விடியவிடிய மூன்று படம். கொட்டகைக்குப் போகாத உம்மாமார் முதன்முதலாகப் படம் பார்த்தது அப்போதுதான்.

அந்த ரசனைக்கும் ஒரு சோதனை வந்தது. 1992இல் 'ரோஜா', 1995இல் 'பம்பாய்'. ரோஜாவோடுதான் ஏ. ஆர். ரஹ்மான் என்ற இசையமைப்பாளரே அறிமுகமானார். பாட்டுகளை நாங்கள் விடவில்லை. ஆனால் தொழுகிற மனிதனையும் துப்பாக்கி தூக்குகிற மனிதனையும் ஒரே ஆளாகக் காட்டிய காட்சிகள் எங்களைக் குத்தின. தேநீர்க் கடையில் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் ஒரு வயோதிபர் சொன்ன தீர்ப்பை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்: "பாட்ட எடு, படத்த வை."

இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இதற்குத்தான் திரும்பி வருவோம்.

அதே குழாயில் வந்த மற்றக் குரல்

ஒலிபெருக்கியின் கதையில் பாட்டு மட்டும் இல்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டி, முஸ்லிம்கள் எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வர வேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணிநேரம். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். கலியாணப் பாட்டுப் போட்ட அதே வகைக் குழாய்தான் அது. அதற்கும் பதில் சொல்ல வழியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் தமிழ்க் கிராமங்களிலும் இரத்தம் சிந்தியது. அதில் நம் பக்கத்தவர்களின் கைகளும் இருந்தன. வரலாறு சொல்லிக் கொடுக்கிறவர்கள் இதை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது பாடமாகாது.

அந்த மாதங்களில் பக்கத்துத் தமிழ்க் கிராமத்துக்கும் நமக்கும் நடுவே போக்குவரத்து நின்றது. வேலிக்கு மேலால் கறிவேப்பிலை கேட்ட பழக்கம் நின்றது. ஆனால் இரண்டு பக்கமும் இரவில் ஒரே வானொலியில் ஒரே பழைய பாட்டுகள் ஒலித்தன. காற்று மாறினால் அவர்கள் பக்கத்துப் பாட்டு நமக்குக் கேட்கும். அப்போதெல்லாம் யாரும் எதுவும் பேசமாட்டார்கள்.

நம் கட்சி, நம் பாட்டு

அதுவரை நம்மூர் அரசியல் பச்சையும் நீலமுமாக இருந்தது. யானையும் கையும். ஒரே குடும்பத்தில் இரண்டு நிறமும் இருக்கும். 1981 செப்டெம்பரில் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியது. 1986இல் அது முழுமையான அரசியல் கட்சியாகியது. எம். எச். எம். அஷ்ரஃப் சட்டத்தரணி, மேடைப் பேச்சாளர், கவிஞரும் கூட. 1988 மாகாண சபைத் தேர்தலில் வடகிழக்கில் 17 ஆசனங்கள், 1989இல் பாராளுமன்றத்தில் 4. மரச் சின்னத்துக்குப் பாட்டு இல்லாத சந்தி இருக்கவில்லை. பாதி சினிமா மெட்டு, மீதி ஹனிபா மெட்டு. அவருடைய பேச்சுகள் கெசட்டாகி கடைக்குக் கடை ஓடின. ஒரு பாடகரின் கெசட்டைக் கேட்பதுபோலத்தான் கேட்டோம். எங்கே கைதட்டல் வரும், எங்கே குரல் இறங்கும் என்பது எங்களுக்குப் பாடமாகிவிட்டது.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடிபட்டு நின்ற ஒரு சமூகத்துக்குத் தன் குரலை இன்னொருவர் வாயில் கேட்பது பெரிய ஆறுதல். ஆனால் பாட்டில் வராத ஒரு வேலையும் அப்போது நடந்தது. 1978 யாப்பின்படி ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீத வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனம் இல்லை. அஷ்ரஃப் விடாமல் வலியுறுத்தியதன் பேறாக 1988இல் அது 5 வீதமாகக் குறைந்தது. இன்றைக்கும் இந்த நாட்டின் சிறிய கட்சிகள் எல்லாம் அந்த நிழலில் நிற்கின்றன. இதைப் பற்றி ஒரு தேர்தல் பாட்டும் நாங்கள் கேட்டதில்லை. வீதம் மெட்டுக்கு அடங்காது போலும்.

1994க்குப் பிறகு அமைச்சர் பதவி, துறைமுகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். நம் மாணவிகள் காலையில் பஸ்ஸில் போய் மாலையில் வீடு திரும்பிப் பட்டம் பெறுகிறார்கள் என்றால் அதுதான் காரணம். 1999இல் 'நான் எனும் நீ' என்ற அவருடைய கவிதைத் தொகுதி வந்தது. எல்லா இனத்தவருக்கும் இடமுள்ள நுஆ என்ற கூட்டணியையும் தொடங்கினார். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்க பக்கத்தில் ஹெலிகொப்டர் விழுந்தது. அன்று நம்மூர்களில் அடுப்பு எரியவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு மரம் இருந்த இடத்தில் பல கட்சிகள் முளைத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு நிறம், ஒரு பாட்டு. பாட்டு மட்டும் குறையவில்லை.

ரசிகனா, ரசிகனுக்கும் கீழா?

இப்போது வகுப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் அரசியல் கெட்டதற்குக் காரணம் நாம் ரசிகர்களாக இருப்பது என்று படித்தவர்கள் சொல்வார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. நாம் நல்ல ரசிகர்களாக இல்லாததுதான் காரணம்.

நல்ல ரசிகர்களாக நாம் எப்படி இருந்தோம் என்று பாருங்கள். பேக் மாஸ்டரின் குரலை எடுத்துக்கொண்டோம், நம் மார்க்கத்தை விடவில்லை. ஹனிபாவின் பாட்டை எடுத்துக்கொண்டோம், அவர் கட்சியை எடுக்கவில்லை. எம்.ஜி.ஆர். படம் ஒன்று மோசமென்றால் இடைவேளையில் எழும்பி வந்த எம்.ஜி.ஆர். ரசிகர்களை எங்களுக்குத் தெரியும். ரஹ்மானின் பாட்டை எடுத்து மணிரத்னத்தின் படத்தை வைத்தோம். பிடித்தவரிடமும் பிடிக்காததைச் சொல்ல நமக்குத் தெரிந்திருந்தது.

அரசியலுக்கு வந்ததும் அந்த அறிவைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோம். நம் தலைவர் ஒரு சட்டமூலத்துக்குக் கையுயர்த்தினால் அது என்ன சட்டமூலம் என்று கேட்பதில்லை. பாலத்துக்குக் கல் நட்டால் படம் எடுக்கிறோம், பாலம் வந்ததா என்று பார்ப்பதில்லை. கேட்கிறவனைத் துரோகி என்கிறோம். அபூர்வமாக ஒரு பிழையைச் சுட்டினால் "நீங்க எந்தக் கட்சி சேர்?" என்பதுதான் முதல் பதில். நாங்களும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. மேடைக்கு முன்னால் நின்று, என்ன சொல்கிறார் என்று கேளாமலே தொண்டை வற்றக் கத்திய இரவுகள் எங்களுக்கும் உண்டு.

அஷ்ரஃபின் பெயரால் பாட்டுப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு 12.5 வீதம் 5 வீதமான கதை தெரியும்? அவரை ரசிப்பதென்றால் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு, இன்றைக்கு அப்படி ஒரு வேலையை யார் செய்கிறார் என்று கேட்பதுதான்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். பொல்லடியின் பழைய தாளம் தெரிந்தவர்கள், கவி தெரிந்த மூத்தம்மாமார், முதல் தேர்தல்களில் மைக் பிடித்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே ஹயாத்தோடு இருக்கிறார்கள். எல்லோர் கையிலும் இப்போது போன் இருக்கிறது. பக்கத்தில் இருந்து கேட்டு ஒலிப்பதிவு செய்து வையுங்கள். பழைய கெசட்டுகளைக் குப்பையில் போட வேண்டாம். அவை நம் சமூகத்தின் சுவடிகள்.

அந்த மாணவனுக்கு அடுத்த நாள் ஒரு வேலை கொடுத்தோம். ஊருக்குள் வரும் எல்லா வேட்பாளர்களின் பாட்டுகளையும் கேட்டு, எதில் என்ன வாக்குறுதி இருக்கிறது என்று அட்டவணை போட்டு வரச் சொன்னோம். ஒரு கிழமையில் கொண்டு வந்தான். இடப்பக்கம் பெயர்கள் நிறைந்திருந்தன. வலப்பக்கம் வெறுமை. அடியில் பென்சிலால் எழுதியிருந்தான்: "மெட்டு மட்டும் எல்லாம் நல்லம் சேர்."